பாசஞ்சர் ரயிலில் போன ஜாஸ்

இன்று காலை என் சைக்கிள் கடைக்கு அடுத்த தச்சுப் பட்டறையில் வஜ்ஜிரப் பசை காய்ச்சினார்கள். டப்பாவில் வரும் வெள்ளைப் பசையே எல்லா வேலைக்கும் போதும் என்றான பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. யாரோ ஒரு பழைய தேக்கு அலமாரியைக் கொண்டுவந்து, முன்பு ஒட்டியிருந்தது போலவே ஒட்டித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தோலையும் எலும்பையும் வேகவைத்தது போன்ற அந்த நாற்றம் சந்து முழுக்கப் பரவியது. டயருக்குக் காற்றடிக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். போளூரில் ஒரு மழை நாள் என்னைச் சுற்றிக்கொண்டது. நீயும் அதற்குள் இருந்தாய்.

உனக்கு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. நீ இருந்தவரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. என் கடைக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான். இன்று கடையைப் பாதியிலேயே மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நீ ஆரணிக்குத் திரும்பி வந்தாய். பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டுப் பிள்ளை, இருபது வயதில் பம்பாய்க்குப் போனவன், தலையில் நாலு நரையும் கையில் ஒரு கறுப்புப் பெட்டியுமாக வந்திருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெட்டிக்குள் சாக்ஸபோன். பெரிய ஓட்டல்களில் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாயாம். நான் அப்போது பகலில் சைக்கிள் கடை, முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் டிரம் என்று இருந்தேன். ஒரு நாள் காலையில் நீ கடை வாசலில் வந்து நின்றாய். சைக்கிள் வாடகைக்குக் கேட்பாய் என்று நினைத்தேன்.

"நேத்து பொண்ணு அழைப்புல டிரம் வாசிச்சது நீதான?"

"ஆமா. இன்னா?"

"நாலாவது அடிய ரவ தள்ளிப் போட்ட. வேணும்னே போட்டியா, தப்பிடுச்சா?"

"வேணும்னேதான். ஒழுங்கா அடிச்சிகினே போனா தூக்கம் வருது."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "அப்ப நீ ஜாஸ் வாசிச்சிகினு கீற. உனக்குத்தான் தெரியல."

அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய சங்கீதம் என்று சொன்னாய். ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள், பிறகு ஆளுக்கு ஆள் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை அதன்மேல் வாசித்துக்கொண்டே போவார்கள், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அவருக்கு இடம் விட்டுக் கேட்பார்கள் என்றாய். கேட்பதுதான் பாதி வேலை என்றும் சொன்னாய். அதை நான் சரியாகப் படிக்கவில்லை. பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது ஆளாக எஸ்தர் டீச்சர் சேர்ந்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நம் இருவரையும்விட நாலைந்து வயது மூத்தவர். அவர்கள் சர்ச்சில் எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுவிட்டுப் போன டபுள் பேஸ் இருந்தது. ஆள் உயர வயலின் போல, நிற்கவைத்து விரலால் மீட்டுகிற வாத்தியம். டீச்சரின் அப்பா அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தவர். அவர் போன பிறகு டீச்சர். நீ போய்க் கேட்டபோது, "நான் பாட்டுக்கு நோட்ட பாத்து வாசிக்கிறவ. நீங்க சொல்ற மாதிரி இல்லாதத வாசிக்க எனக்கு வராது" என்றாராம். ஒரு மாதத்தில் நம்மைவிட அவருக்குத்தான் அது நன்றாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானங்களில் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த ஜெபக்கூடத்தில் வாசித்துப் பழகினோம். அந்த மத்தியானங்கள் எனக்குள் இன்னும் ஒரே மத்தியானமாகத்தான் இருக்கின்றன. உயரமான ஜன்னலிலிருந்து வெயில் இறங்கித் தரையில் ஒரு பாய் போல விரிந்திருக்கும். நாம் ஒரு மெட்டைத் தொடங்கும்போது அது டீச்சரின் காலடியில் இருக்கும். முடிக்கும்போது என் டிரம்மின் மேல் ஏறியிருக்கும். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று மூன்று பேருக்கும் தெரியாது.

முதல் வெளியூர்க் கச்சேரி வேலூரில். ஒரு சங்கத்து ஆண்டு விழா. வேன் அனுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. காற்று அன்று மேடைப் பக்கம் வீசியது. நீ ஒரு நீளமான சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தாய். புகை வந்து முகத்தில் மோதியதும் சுரம் அறுந்துபோய் இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு மைக்கை அணைத்தாய். ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னாய். சங்கத்துக்காரர் பதறிப்போய் மேடை ஏறினார்.

"சார், நிறுத்திட்டா பின்னாடி கேக்காது."

"பின்னாடி கீறவங்கள முன்னாடி வரச் சொல்லுங்க."

அப்போது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஜனங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள். பலர் தரையில் உட்கார்ந்தார்கள். நாம் மேடையை விட்டு இறங்கி அவர்கள் நடுவிலேயே நின்று வாசித்தோம். டீச்சரின் பேஸ் சத்தம் தரை வழியாக உட்கார்ந்திருந்தவர்களின் உடம்புக்குள் ஏறுவதை நான் பார்த்தேன். ஒரு குழந்தை தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டது.

திரும்பி வேனில் வந்தோம். ஆரணி நெருங்கும்போது நீ சொன்னாய்.

"ஊதறது காத்து பா. அதுல புகைய கலந்துட்டு, அதையே இழுத்து ஊதுன்னா எப்பிடி? பம்பாயில கடைசி எட்டு வருஷம் அதான் செஞ்சிகினு இருந்தேன். ஏர்போர்ட்டு, ஓட்டலு, மறுபடி ஏர்போர்ட்டு. எத்தினி ஊரு போயிருப்பேன்? ஒரு ஊர்லயும் தெருவ பாக்கல."

பிறகு உன் அப்பாவின் சாயப்பட்டறையைப் பற்றிச் சொன்னாய். பட்டறையிலிருந்து வெளியே ஓடும் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக இருக்கும், ஒரு நாள் பச்சையாக, ஒரு நாள் மயில் கழுத்து நிறத்தில். சின்ன வயதில் அதன் பின்னாலேயே நடந்துபோவாயாம். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன பிறகுதான் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. "அவ்ளோ அழகா இருந்துச்சி பா. அதான் பேஜாரு. அழகா இருந்தா யாரும் எங்க போவுதுன்னு கேக்கறதில்ல. நம்ம கச்சேரியும் அப்பிடி ஆயிடக் கூடாது."

அதிலிருந்து நமக்கு ஒரு வழக்கம் உண்டானது. வேன் வேண்டாம், பாசஞ்சர் ரயில், பஸ். ஜெனரேட்டர் வேண்டாம், பகல் வெளிச்சத்தில், சத்தம் நிற்கிற சுவர்களுக்குள் வாசிப்பது. பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். தண்ணீருக்கு ஒரு பித்தளைக் கூஜா. நான் டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்பதும் உன் யோசனைதான். "எந்த ஊர்ல பேண்டு செட் இல்ல? அவங்க கிட்ட கேளு. குச்சி மட்டும் எடுத்துகினு வா." டபுள் பேஸ்தான் சிக்கல். பழைய ரிக்‌ஷாச் சக்கரம் இரண்டைப் போட்டு, சைக்கிளுக்குப் பின்னால் பூட்டுகிற மாதிரி ஒரு நீள வண்டி செய்தேன். பேஸைப் படுக்கவைத்து, தார்ப்பாய் போட்டுக் கட்டி, ஊரிலிருந்து ஆரணி ரோடு ஸ்டேஷன் வரைக்கும் மிதிப்போம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பிணம் போகிறது என்று வழியில் சிலர் ஒதுங்கி நின்று கும்பிட்டதும் உண்டு. நீ பதிலுக்குக் கும்பிடுவாய்.

அந்த மீட்டர் கேஜ் ரயிலை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் செருகுகிறது. அது ஓடியது என்று சொல்வதைவிட நடந்தது என்று சொல்லலாம். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் காடுகள், ஏரிக்கரைப் பனைகள், துணி உலர்த்தும் பாறைகள் எல்லாம் ஜன்னலில் அவசரமில்லாமல் வந்து அவசரமில்லாமல் போகும். நீ பெட்டியைத் திறக்கமாட்டாய். வாயாலேயே மெல்ல ஒரு மெட்டை முனகுவாய். தண்டவாளத்தின் இணைப்புகள் அதற்குத் தாளம் போடும். டீச்சர் ஜன்னல் கம்பியில் விரலால் பேஸ் வாசிப்பார். கீரைக் கூடைக்காரம்மா ஒருத்தி, "எந்தக் கோயில் பாட்டு சாமி இது?" என்று கேட்டாள். நீ யோசித்துவிட்டு, "இன்னும் கோயிலு கட்டல ஆயா" என்றாய்.

போளூருக்கு வருகிறேன். வடக்கே வேலூரிலிருந்து தெற்கே புதுச்சேரி வரை பத்து நாளில் பத்து இடம் என்று ஒரு பயணம் வகுத்திருந்தோம். ஐப்பசி மாதம். போளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கச்சேரி. ஸ்டேஷனுக்கு வேன் அனுப்பியிருந்தார்கள். வானம் கறுத்து இறங்கியிருந்தது. நான் வேனில் ஏற்றிவிடலாம் என்றேன். "ரெண்டு கிலோமீட்டர்தான பா" என்று நீ ரயிலிலிருந்து இறக்கிய சைக்கிளில் வண்டியைப் பூட்டினாய். பாதி வழியில் மழை பிடித்தது. தெரு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஒரு சக்கரம் சாக்கடைக்குள் இறங்க, வண்டி சாய்ந்தது. தார்ப்பாயோடு பேஸ் தண்ணீருக்குள் விழுந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் அவிழ்த்துப் பார்த்தோம். முன்பலகை பக்கப் பலகையிலிருந்து ஒட்டு விட்டு, வாய் திறந்தது போல் பிளந்திருந்தது. டீச்சர் அழவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்து பிழிந்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அப்பா கன்னத்தைச் சாய்த்து வைத்து வாசித்த இடம் அது. நான் உன் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"உன் கொள்கைய தூக்கிகினு நாங்க இன்னும் எவ்ளோ தூரம் நடக்கணும்? வேன் வாசல்ல நின்னுச்சே! உனக்கு நீ சுத்தமா இருக்கணும். அவங்க அப்பா பேஸு எப்பிடி போனா இன்னா?"

நீ மழைக்குள் இறங்கிப் போனாய். கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் டாக்சி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. முன்சீட்டில் நீ, சொட்டச் சொட்ட.

"டீச்சர், ஏறுங்க. தேர் வேல செஞ்ச ஆசாரி ஒருத்தர் ஊருக்கு வெளிய கீறாராம். மழையில இத மறுபடி வண்டியில வெக்க மாட்டேன்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உன் கொள்கை இன்னா ஆச்சு?" என்றேன்.

"கொள்கை என்னுது. பேஸு டீச்சரோடது" என்றாய்.

அதைச் சொல்லும்போது உன் குரலில் வீம்பு இல்லை. வெட்கம்தான் இருந்தது. டாக்சியில் பேஸின் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் அதன் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டேன். மிச்சம் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவைக் கயிறு போட்டுக் கட்டினோம்.

ஆசாரி அதைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "பொழச்சிக்கும். வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டணும். காய நாலு நாள் ஆவும். ஜல்தி பண்ணீங்கன்னா மறுபடி வாய பொளந்துக்கும்" என்றார். நாலு நாள் என்றால் மூன்று ஊர்க் கச்சேரிகள் போயின. எஸ்டிடி பூத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் நீ மன்னிப்புக் கேட்டாய். பிறகு போளூரிலேயே அந்தப் பள்ளிக்கூடத்து அறையில் தங்கினோம்.

மழை விட்டும் விடாமலும் இருந்தது. செய்ய ஒன்றும் இல்லாததால் நீ வராந்தாவில் உட்கார்ந்து ஊதினாய். முதல் நாள் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் நாள் அந்த ஊர் பேண்டு செட்டின் கிளாரினெட்காரர் தன் கிளாரினெட்டை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். உனக்கு அவர் கல்யாணப் பாட்டு ஒன்றைச் சொல்லித் தந்தார். நீ அதற்குள் எப்படிச் சுற்றிவிட்டு வரலாம் என்று அவருக்குக் காட்டினாய். மூன்றாம் நாள் டீக்கடையில் யாரோ நம் மெட்டை விசிலடித்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் பேஸ் வந்தது. ஒட்டின இடம் தழும்பு போலத் தெரிந்தது. டீச்சர் முதல் கம்பியை மீட்டியதும் ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார். அன்று வாசித்ததுபோல் நாம் அதற்கு முன் வாசித்ததே இல்லை. ஜனங்களுக்கு மெட்டுகள் முன்பே தெரிந்திருந்தன. எங்கே விலகிப் போகிறோம், எங்கே திரும்பி வருகிறோம் என்று நம்மோடு கூடவே வந்தார்கள்.

ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது நீ சொன்னாய். "தப்பு வண்டியில இல்ல பா, கணக்குல. பத்து நாள்ல பத்து ஊருன்னு போட்டதாலதான் மழையில மிதிச்சோம். நேரம் இருந்திருந்தா ஸ்டேஷன்லயே குந்திகினு, மழ விட்டப்புறம் போயிருக்கலாம்." கொஞ்சம் கழித்து, "நாம ஊர பாக்கறது வேற. ஊரு நம்மள பாக்கறது வேற" என்றாய்.

அதன் பிறகு அவசரப் பயணமே இல்லை. டீச்சரின் லீவு நாட்களில் ஒரே ஊர், ஒரு வாரம். பெரணமல்லூர், செய்யாறு, திருவண்ணாமலை, புதுச்சேரி. போகும்போது மூன்று பேர், வாசிக்கும்போது ஐந்தோ ஆறோ. எட்டு ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று. அந்த வருஷங்களைப் பிரித்து எண்ண எனக்குத் தெரியவில்லை; எல்லாம் ஒரே ரயிலின் பெட்டிகளாகத்தான் வருகின்றன.

கடைசி இரண்டு பயணங்களில் உன் வாசிப்பு மாறியது. நீளமாக இழுத்தவன் சின்னச் சின்னதாக வாசிக்கத் தொடங்கினாய். மூன்று சுரம், பிறகு ஒரு அமைதி. நாலு சுரம், பிறகு இன்னும் நீளமான அமைதி. நான் அதை முதிர்ச்சி என்று நினைத்தேன். "இன்னா அழகா இடம் விடற!" என்றுகூட ஒரு தடவை சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே துணியால் வாயைத் துடைத்தாய்.

புதுச்சேரியில் நம்மைக் கேட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் அவருடைய ஊரில் நடக்கும் ஜாஸ் விழாவுக்கு மூன்று பேரையும் அழைத்துக் கடிதம் எழுதினார். எனக்கு அது கையில் பிடிக்க முடியாத சந்தோஷம். விமானத்தை நான் ஆரணி வானத்தில் கீறலாகப் பார்த்ததோடு சரி. நீ கடிதத்தை இரண்டு தடவை படித்தாய். வரமாட்டேன் என்பாய், சண்டை போடவேண்டும் என்று நான் தயாராக இருந்தேன்.

"மூணு பேரு எதுக்கு பா? அங்க சாக்ஸ் வாசிக்க ஆள் இல்லியா, பேஸ் வாசிக்க இல்லியா? அங்க இல்லாதது நம்ம பேண்டு செட் அடிதான். நீ மட்டும் போ."

டீச்சரும், "எனக்கு பரிச்ச நேரம் தம்பி. நீங்க போயிட்டு வாங்க" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உன் வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நீதான் கூட அலைந்தாய். கிளம்பும் நாள் ஆரணி ரோடு ஸ்டேஷன் வரை வந்தாய். அன்று நீ மிதிக்கவில்லை, வண்டியில் என் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தாய். டீச்சரும் நானும் மாறி மாறி மிதித்தோம். அதையும் நான் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ரயில் அசைந்தபோது ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னாய்: "போறதே போற, மூணு நாள்ல முடிச்சிகினு ஓடி வந்துடாத. அவ்ளோ எண்ணெய எரிச்சிகினு போற. ரெண்டு மாசம் இரு. அந்த ஊரு உன்ன பாக்கட்டும்."

இருந்தேன். விழா முடிந்த பிறகும் அந்த ஊர்க்காரர்கள் என்னை வைத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் ஒரு வீடு, கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. காலையில் அவர்களோடு சக்கரம் சரிசெய்வேன். மாலை வெயில் அங்கே சீக்கிரத்தில் முடிவதில்லை, அந்த வெயிலில் வாசிப்போம். கேட்க வருகிறவர்கள் சைக்கிளில் வந்து ஆற்றோரம் சாய்த்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்வேன். முதலில் நீ வந்து பேசினாய். பிறகு, "போளூர் போயிருக்காரு தம்பி" என்றார் டீச்சர். அடுத்த வாரம், "தூங்கறாரு தம்பி." அதற்கடுத்த வாரம், "இங்க எல்லாம் நல்லா கீறோம். நீங்க வாசிங்க." நான் நம்பினேன். வாசித்தேன்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் டீச்சர் மட்டும் நின்றிருந்தார், சைக்கிளில் பூட்டிய வண்டியோடு.

"அவன் எங்க டீச்சர்?"

அவர் என் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். பிறகுதான் சொன்னார். "இருபத்தி மூணு நாள் ஆச்சு தம்பி."

நுரையீரலில் கட்டி. நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவதற்கு முன்பே உனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். "சொன்னா ஓடி வந்துடுவான், அவனுக்கு இது ஒரு தடவதான் கெடைக்கும்னாரு. நான் இன்னா பண்றது தம்பி?"

நான் அவரிடம் என்ன பேசினேன் என்று எழுதமாட்டேன். என் பெட்டியை வண்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வெறும் வண்டியைப் பூட்டிக்கொண்டு அந்த அம்மா ஆரணிப் பக்கம் மிதிக்கத் தொடங்கியிருந்தார்.

எட்டு மாதம் பேசவில்லை. உன்னோடும்தான். ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்தது. "நீ மட்டும் போ" என்றது உன் கொள்கையா, உன் நோயா? "ரெண்டு மாசம் இரு" என்றது அந்த எண்ணெய்க்காகவா, நான் உன் முடிவைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவா? ஒரு நாள் டீச்சர் கடைக்கு வந்தார். வண்டியின் சக்கரத்தைக் காட்டி, "காத்து எறங்கிடுச்சி தம்பி" என்றார். நான் பம்பை எடுத்தேன். அடித்துக்கொண்டே அதே கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்" என்றார். "அவரு பொய் சொல்லல. பாதிய சொன்னாரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மிச்ச பாதிய நானாவது சொல்லியிருக்கணும்" என்றார். நான் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதற்குமுன் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது ரயில் இல்லை. அகலப்பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். டீச்சருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. ஆனாலும் லீவு விட்டதும் இரண்டு பேரும் கிளம்புகிறோம். கிட்டத்தில் உள்ள ஊர் என்றால் வண்டியைப் பூட்டி மிதிக்கிறோம், எட்டத்தில் என்றால் பஸ். மழை வந்தால் எங்காவது ஒதுங்கிக்கொள்கிறோம். உன் இடத்தை நாங்கள் காலியாக வைக்கவில்லை என்பதை உனக்குச் சொல்லவேண்டும். யார் அதில் நிற்பார் என்று தெரியாமலே ஊருக்குள் போகிறோம். பெரணமல்லூரில் ஒரு நாயனக்காரர் நின்றார். போன மாதம் வெம்பாக்கத்தில், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கிற ஒருவர் மவுத் ஆர்கனோடு வந்தார். அறுபதை நெருங்குகிறவர், காலம் முழுக்கத் தனக்குத் தானே வாசித்துக்கொண்டவர். இரண்டாம் நாள் ஒரு மெட்டின் நடுவில் அவர் சுரத்தைச் சீக்கிரமே விட்டார். அமைதி வந்தது. அழகான அமைதிதான். நான் குச்சிகளை மடியில் வைத்துவிட்டேன்.

"இன்னாங்க, மூச்சு வாங்குதா?"

அவர் கூச்சப்பட்டார். "கொஞ்சம். மாடி ஏறினாகூட இப்பிடித்தான்."

"எத்தினி நாளா?"

அவர் சொன்னார். டீச்சர் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று நாங்கள் மேற்கொண்டு வாசிக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவரோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்தில் ஒரு அடைப்பு, நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். கச்சேரி அடுத்த லீவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை அவர் மெல்ல நடக்கவேண்டுமாம்.

மூச்சு வாங்குதா என்பது, உன் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்து வாசித்தும் நான் கேட்காமல் விட்ட கேள்வி. ஊர் ஊராக இப்போது நான் கொண்டுபோவது அதை மட்டும்தான். மற்றதெல்லாம் போகிற இடத்தில் கிடைத்துவிடுகிறது.